சித்தப்பா என்ஜின் புஷ் ராடு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கிணறு இருந்ததாம். அந்தக் கிணற்றுக்கு இரண்டு ராஜாக்களாம். ஊர், சித்தையன்கோட்டைப் பக்கம். ராஜாக்கள், எங்கப்பாவும் சித்தப்பாவும்.

பாகப்பிரிவினையில் நிலம் இரண்டானது. காளை ஜோடியில் ஆளுக்கொன்று. கிணற்றைப் பிரிக்க முடியாததால் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. அப்பா டீசல் என்ஜின் வாங்கினார். சித்தப்பாவும் வாங்கினார், வேண்டுமென்றே வேறு கம்பெனி. "ஒரு நட்டு கேட்டுக்கூட அண்ணன் என் வாசல்ல நிக்கக் கூடாது" என்றாராம்.

அன்றைக்கு எனக்கு இட்ட வேலை ஒன்றுதான். அப்பா என்ஜினில் வால்வைத் தூக்கிவிடும் புஷ் ராடு வளைந்துவிட்டது. திண்டுக்கல் போய்ப் புதிது வாங்கி வர வேண்டும். வெங்காயம் வாடுகிறது. தண்ணீர் முறை எங்களுக்கு.

நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் விவரமானவன் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை.

பஸ் வருவதற்குள் நானே நிமிர்த்திவிடலாமென்று கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். ராடு இரண்டானது.

திண்டுக்கல் கடைக்காரர் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "மெட்ராஸ்ல இருந்து வரணும் தம்பி."

"எப்பண்ணே வரும்?"

"வர்றப்ப வரும்."

வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயந்து சித்தப்பாவிடம் போனேன். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"உங்கப்பன் என்ஜினுக்கு என் சாமானா? கழட்டிக்க அப்பு. எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் மறக்காமச் சொல்லு. நாளைக்கு என் முறை, ஞாபகம் இருக்கட்டும்."

மாட்டினால் ராடு ஒரு விரற்கடை கூடுதல் நீளம். வால்வு மூடவே இல்லை. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற 'புஸ் புஸ்' என்றது.

"என்னலே, பெருமூச்சு விடுது?" என்றார் அப்பா.

"சித்தப்பா ராடுப்பா. நீளமா இருக்கு. கொஞ்சம் அறுத்தாச் சரியாப் போகும்."

அப்பா செத்த நேரம் யோசித்தார். "அறுத்தா, பெறகு அவன் என்ஜினுக்கு ஆகுமா?"

"ஆகாதுப்பா."

"அப்ப அறு."

விரற்கடை அறுக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை விரற்கடை அறுத்தேன். கைவாகு அப்படி. ஆனாலும் என்ஜின் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அப்பா மீசையைத் தடவினார். அவர் கை மீசையிலிருந்து இறங்குவதற்குள் தாளம் தப்பி, ராடு துள்ளிக் கழன்று, கிணற்றில் போய் விழுந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா வந்து நின்றார். "ராடு எங்க அப்பு?"

"கிணத்துல, சித்தப்பா."

"கிணத்துலயா?"

"நம்ம பொதுக் கிணறுதான்."

இரண்டு என்ஜினும் படுத்துவிட்டன. வேறு வழியில்லாமல், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் பழைய கமலையைத் தூசி தட்டினோம். கமலை இழுக்க இரண்டு காளை வேண்டும். அப்பா ஒன்றைப் பிடித்துவந்தார், சித்தப்பா ஒன்றை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள்.

"ஒன்னைய யாருடா ராடு குடுக்கச் சொன்னது?"

"ஒன்னைய யாரு அறுக்கச் சொன்னது?"

"அளவாக் குடுத்திருந்தா ஏன் அறுக்கிறேன்?"

கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள், கமலையை நான் ஓட்டுவதென்று. அப்பா வடக்கு வரப்பில் நடந்துவிட்டார்.

தெற்கு வரப்பில் இறங்கிய சித்தப்பா ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"காளையவாவது அறுக்காம ஓட்டுலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.