பனிமலையில் எனக்கு வாய்த்த அண்ணன்

எனக்குச் சந்தேக புத்தி. (புத்தி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.) தெருவில் யாராவது சிரித்தால், எதற்குச் சிரித்தார் என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பேன். அந்தப் புத்திதான் என்னை இமாச்சலில் ஒரு பனிச்சரிவில் கொண்டுபோய்த் தலைகீழாக நட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் ராசிபுரத்துத் தோழி கவிதா, "டிசம்பர் லீவுக்கு இமாச்சலுக்கு ஸ்கீ டூரிங் போலாம், வாடி" என்று கூப்பிட்டாள். அப்பாவுக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. நான் சேலத்துக்குச் சினிமா பார்க்கப் போவதற்கே எந்த பஸ், யார் கூட, எப்போது வருவாய் என்று குறுக்கு விசாரணை செய்கிற மனுஷன். அன்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போய்ட்டு வா சாமி" என்றார். அம்மா ஸ்வெட்டரையே எடுத்து வைத்துவிட்டாள். எனக்குப் பொறி தட்டியது. அப்போது என் ஜாதகம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம்.

அங்கே போய் இறங்கினால் கவிதாவோடு ஓர் ஆள். கண்ணாடி, ஒல்லி உடம்பு, அநியாயத்துக்குப் பணிவு.

"எங்க ஆபீஸ் சரவணன். தம்மம்பட்டிக்காரரு" என்றாள் கவிதா.

தம்மம்பட்டிப் பையன் இமயமலையில் தற்செயலாகவா நிற்பான்? பெண் பார்க்கும் படலமேதான், பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலாகப் பனி என்று முடிவு கட்டினேன். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் கிட்டே போனால் "நாளைக்கு வெயில் வருமா?" என்பார்கள்.

இதை முளையிலேயே கிள்ள வேண்டும். அன்று சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன்: "உங்க குலசாமி எதுங்க?"

அவர் ஊர்ப்பக்கத்து அம்மன் ஒன்றின் பெயரைச் சொன்னார்.

"அட, எங்களுக்கும் அதேதானுங்க!" (எங்களுக்குக் கருப்பனார். அதுவும் நேர் எதிர்த் திசையில்.) குலசாமி ஒன்று என்றால் பங்காளி. பங்காளி என்றால் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. கவிதாவுக்கு ஏனோ சூப் புரையேறியது.

மனுஷன் உடனே அவர் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார். "அம்மா, நம்ம பங்காளி வீட்டுப் பொண்ணும்மா!"

அந்தம்மா கண் கலங்கிவிட்டார். "எனக்குப் பொறந்ததெல்லாம் பையனுங்கம்மா. ஒரு பொண்ணக் குடுக்கலியேன்னு ஆத்தாகிட்ட அழாத நாளில்ல. எங்கியோ பனிக்குள்ள வச்சிருந்து குடுத்துட்டா பாரு!" இதற்குப் பிறகு எந்த வாயால் நான் உண்மையைச் சொல்வது?

ஸ்கீ டூரிங்கில் லிஃப்ட் எல்லாம் கிடையாது. காலில் மாட்டிய நீளப் பலகைகளுக்கு அடியில் வழுக்காத ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். அடிவாரத்தில் சில நாள் விழுந்து பழகியபின் வழிகாட்டி எங்களை மேலே கூட்டிப்போனார். முன்னால் போன இருவரும் மறுபடி குசுகுசு. என்னதான் பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பலகை இன்னொரு பலகையின் மேல் ஏறியது. ஐயோ என்று கத்துவதற்குள் கால் மேலே, தலை பனிக்குள்ளே.

சரவணன்தான் ஓடிவந்து கையாலேயே பனியைத் தோண்டி என்னை வெளியே இழுத்தார். மூக்கில் அடைத்திருந்த பனியைத் துடைத்துவிட்டார். கழன்றுபோன பட்டையை மண்டியிட்டு ஒட்டிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தேன். அடிப்பாவி, இவரையா வேண்டாம் என்றாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பொய் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என வாயைத் திறந்தேன்.

"பயப்படாதம்மா. அண்ணன் இருக்கேன்ல" என்றார்.

அன்று சாயங்காலம் கவிதாவைத் தனியே இழுத்துப்போய், "உண்மையைச் சொல்லு, எனக்குத்தானே இவரப் பாத்தீங்க?" என்றேன்.

"கிறுக்கி! நானும் அவரும் கட்டிக்கப் போறோம். தனியாப் போறேன்னா ஊட்ல உடுவாங்களா? அதுக்குத்தான் உன்னைய இழுத்துட்டு வந்தேன்."

"அப்புறம் எங்க குலசாமியும் அதேதான்னு நான் பொய் சொன்னப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

"அவரு நல்லவருடி. உனக்குப் புடிச்சுப்போயிருமோன்னு எனக்கே ஒரு சந்தேகம். நீயே அண்ணன்னு சொன்னதும் நிம்மதியாயிருச்சு."

ஊர் திரும்பி என் அறைக் கதவைத் திறந்தால் உத்தரம்வரை முட்டை அட்டைகள். அப்பா தலையைச் சொறிந்தார். "பண்ணையில எடம் பத்தல சாமி. நீ இருந்தா உடமாட்டியே!" ஊர் ஊராகச் சுற்றுவதாக நான் நம்பிய என் ஜாதகமும் அந்த அட்டைகளுக்கு அடியில்தான் எங்கோ கிடந்தது.

அடுத்த ஆவணியில் கவிதாவுக்கும் சரவணனுக்கும் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் அந்தம்மா என்னை மேடைக்கு இழுத்தார். "என் பொண்ணு இருக்கறப்ப நாத்தனார் முடிச்சுப் போட வேற ஆள் எதுக்கு?" சரவணன் தாலியில் முதல் முடிச்சுப் போட்டார். மீதி இரண்டையும் நான் போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் மேல் என்ன பாசம் என்று மண்டபமே உருகியது. முன்வரிசையில் அப்பா மட்டும், "நம்ம சாமி கருப்பனாராச்சே, இவங்க எப்படி நமக்குப் பங்காளி?" என்று அம்மாவைக் குடைந்துகொண்டிருந்தார்.

எனக்கும் பிறகு கல்யாணமாகி, தம்மம்பட்டியிலிருந்து வருஷம் தவறாமல் தாய்வீட்டுச் சீர் வருகிறது. இப்போதும் நான் யாரையாவது ஏற இறங்கப் பார்த்தால் போதும், கவிதா காதோரம் வந்துவிடுவாள்: "நாத்தனாரே, அவசரப்பட்டுக் குலசாமியக் கேட்டுப்போடாதீங்க. முடிச்சுப் போட்ட கை இன்னும் வலிக்குமில்ல?"

வலிக்கத்தான் செய்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் என் இப்போதைய சந்தேகம்.