நாற்பத்தேழாம் எண் குழியை ஒப்படைத்த வரலாறு

ஐரோப்பியத் தொல்லியலில் முதுகலைப் பட்டம் வாங்குவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒரு வருஷம் படிக்க வேண்டும். கோடை என்று சொல்லப்படுகிற மழைக்காலத்தில் நனைந்துகொண்டே தோண்ட வேண்டும். தோண்டியதற்கெல்லாம் எண் போட்டு, அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லையென்றால் பட்டம் இல்லை. யார்க்‌ஷயர்க்காரி ஹெஸ்டர் பிளாக்கிற்கு அகழாய்வுக் கம்பெனி ஒன்றில் வேலை தயாராக இருந்தது. பட்டம் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று நயமாகச் சொல்லிவிட்டார்கள். ரசீதுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையிலேயே அவள் அப்பாவின் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அருங்காட்சியகத்தில் போய் இறங்கினாள்.

வைப்பறை அதிகாரி கிளைவ் ஆர்மரோட் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நாற்பத்தாறில் பென்சில் நின்றது.

"நாப்பத்தேழக் காணோமே, மிஸ் பிளாக்."

"அது குழிங்க."

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வீடு கட்டக் குழி வெட்டி மரக்கம்பம் நட்டான். கம்பம் மக்கிப்போய், குழியில் மண் நிறைந்தது. தொல்லியலார் அந்த மண்ணை அள்ளி அதற்கு ஓர் எண் தருவார்கள். அள்ளிய பிறகு மிஞ்சுகிற குழிக்கும் ஓர் எண் தருவார்கள். ஏன் என்று யாராவது கேட்டால் அவர்களுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"குழின்னா அதுல என்ன இருக்கு?" என்றார் ஆர்மரோட்.

"ஒண்ணும் இல்லீங்க. ஒண்ணும் இல்லாததுதான் குழி."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு நம்பர் போட்டீங்க?"

"போடணும்னு எங்க விதி."

"நம்பர் போட்டதையெல்லாம் வாங்கணும்னு எங்க விதி," என்றார் அவர், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு. நிலத்துக்காரரிடம் உரிமை மாற்றுப் பத்திரமும் கையெழுத்தாகி வர வேண்டும் என்றார்.

ஹெஸ்டருக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நேரே பேராசிரியர் லிடியா பாஸ்க்கிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள். இந்த அக்கிரமத்தைக் கேட்டு அந்த அம்மா ஆடிப்போவார் என்று நினைத்தாள். அவர் தேநீரை உறிஞ்சிவிட்டு, குழி எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நாற்பது சென்டிமீட்டர் என்றாள்.

"நம்ம பெட்டி முப்பத்தெட்டுதானே. அப்ப ரெண்டாப் பிரிச்சுத்தான் கொண்டு போகணும். மேல் பாதி எது, கீழ் பாதி எதுன்னு தெளிவா எழுதிடும்மா. போன வருஷம் ஒருத்தன் மாத்தி எழுதி மானத்த வாங்கிட்டான்."

புதன்கிழமை விவசாயி ஆல்ஃப் டின்ஸ்டேலைத் தேடிப் போனாள். தோண்டிய இடத்தை அவளே ஆகஸ்டில் மூடிக் கொடுத்திருந்தாள். அங்கே அவர் பார்லி விதைத்திருந்தார். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கண்ணாடியைக் கழற்றியும் படித்தார்.

"குழியத் தர்றதுல எனக்கொண்ணும் ஆட்சேபண இல்ல கண்ணு. ஆனா அது இப்ப எங்கிட்ட இல்லையே. நீதான மூடுன?"

"நான் மூடுனது எங்க குழிய. இது அதுக்குள்ள இருந்த பழைய குழி."

"அப்ப அது என்னோடதா?"

"சட்டப்படி உங்களோடதுதான்."

டின்ஸ்டேல் முகத்தில் பெருமை தெரிந்தது. இத்தனை வருஷம் தெரியாமல் போச்சே என்று வருத்தப்பட்டார். பரம்பரைச் சொத்தைக் கொடுக்கிறவர் மாதிரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, எக்காரணம் கொண்டும் குழியைத் திருப்பி அனுப்பக் கூடாது, பார்லி கெட்டுவிடும் என்று கீழே ஒரு நிபந்தனையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் மூட அரை மணி இருக்கும்போது, ஹெஸ்டர் இரண்டு காலிப் பெட்டிகளோடு போய் நின்றாள். ஆர்மரோட் கையுறை மாட்டிக்கொண்டார். பாதுகாப்புத் தாள் சுற்றாமல் கொண்டுவந்தது விதிமீறல் என்று ஆரம்பித்தார். தாள் வைத்தால் குழி நிறைந்துவிடும், நிறைந்தால் அது குழியே இல்லை என்று ஹெஸ்டர் சொன்னாள். அவர் உள்ளே போய் மேலதிகாரியைக் கலந்து வந்து, இந்த ஒரு முறை விதிவிலக்கு என்றார். மேல் பாதியை டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கீழ் பாதியைத் திறந்தவர் முகம் மாறியது.

"உள்ள என்னமோ இருக்கு."

செத்த சிலந்தி ஒன்று இருந்தது. பட்டமும் வேலையும் ஒரு சிலந்தியால் போகிறதே என்று ஹெஸ்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஆர்மரோட் இடுக்கியால் அதை எடுத்து, எண் இல்லாத பொருளை ஏற்க இயலாது என்று ஒரு உறையில் போட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார். பிறகு நாற்பத்தேழுக்கு நேரே எழுதினார்: இரண்டு துண்டு, நல்ல நிலையில் உள்ளது. ரசீது கிடைத்தது.

அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் அருங்காட்சியகம் நாற்பத்தேழைத் தனியே பாராட்டியிருந்தது. பூச்சி அரிக்கவில்லை, துருப்பிடிக்கவில்லை, யாரும் திருடவில்லை. மற்ற பொருள்களும் இந்தத் தரத்தை எட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையே வந்ததாம்.

டிசம்பரில் பட்டமளிப்பு விழா. வாடகை அங்கி தரையைப் பெருக்க, ஹெஸ்டர் மேடையேறினாள். பெரியவர் ஒருவர் கைகுலுக்கி, சிவப்பு நாடா கட்டிய அட்டைக் குழல் ஒன்றைக் கொடுத்தார். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அம்மா அழுதேவிட்டாள். இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் ஆசையோடு மூடியைத் திறந்தாள். காகிதம் இல்லை. விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமே இல்லை.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பல்கலைக்கழக ஊழியர் அம்மாள் ஒருத்தி குனிந்து காதோடு சொன்னாள்: "அதுல ஒண்ணும் இருக்காதும்மா. சர்டிபிகேட் அப்புறமா தபால்ல வரும். இது மேடைக்கு."

"எல்லாருக்குமா?"

"நானூறு பேருக்கும்தான். மூடி வச்சுக்க, போட்டோ எடுக்கறாங்க."

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். நானூறு பேரும் குழலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் மூடியை அழுத்தி மூடினாள். விழா முடிந்ததும் அப்பா ஓடி வந்து, காட்டு காட்டு என்று கையை நீட்டினார்.

"பாத்துப்பா, கவுத்துடாதீங்க," என்றாள் ஹெஸ்டர்.

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.