குலதெய்வத்து மணல்

"யாருண்ணே லைன்ல, பாப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே ஆக்னஸம்மா ரசப் பாத்திரத்தோடு உள்ளே வந்ததும் ராஜகோபால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். ரிசீவருக்குள் அமெரிக்காவிலிருந்து அவர் மகள் அஸ்வினி, "அப்பா, ஆன்ட்டி விஷயமா ஒண்ணு சொல்லணும், நீங்க யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்திருந்தாள். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

"ராங் நம்பர்" என்றார்.

"ராங் நம்பர்கிட்டயா பத்து நிமிஷமா சிரிச்சிட்டிருந்தீங்க? செவுத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு."

"நல்ல மனுஷன். வைக்க மாட்டேன்னுட்டார்."

ஆக்னஸம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரசத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ராஜகோபால் பொய்யர் இல்லை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த காலம் முழுக்க, பெட்டியில் விரிசல் இருந்தால் விரிசல் என்று பெரிய அதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்ன ஆள். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் மனசு நோகக்கூடாது. நோகும் என்று அவராகவே நினைத்துக்கொள்வார். அப்புறம் அதற்கு அவராகவே வைத்தியமும் பார்ப்பார். கேட்டால்தானே தெரியும் என்று யார் சொல்வது இந்த மனுஷனுக்கு!

ஆக்னஸம்மாவும், பட்டறையில் கூட வேலை பார்த்த அவர் கணவர் ஃபெலிக்ஸும் அதே காம்பவுண்டில் அடுத்த போர்ஷன். நடுவில் ஒரே சுவர். ராஜகோபாலின் மனைவி உஷா போனபோது அஸ்வினிக்கு ஐந்து வயது. காரியமெல்லாம் முடிந்து ஸ்கூல் திறந்த அன்று, கையில் சீப்பும் தேங்காய் எண்ணெயுமாக வாசலில் வந்து நின்றவர் ஆக்னஸம்மா. அஸ்வினி காலேஜ் முடிக்கும்வரை அந்தத் தலையை வேறு யாரும் பின்னவில்லை. பெற்றவள் ஒருத்தி, பின்னியவள் ஒருத்தி என்று காம்பவுண்டில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ராஜகோபால் அஸ்வினியின் கல்யாணத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அபிநவ், அஸ்வினியோடு அதே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் அவனும் ஆன்சைட், இவளும் ஆன்சைட். அவன் அப்பா ஜகதீசன் அல்வாலில் இருக்கிறார், ராணுவ ஏவுகணை ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம். லாலாகுடாவுக்கும் அல்வாலுக்கும் நடுவில் தடுக்கி விழுந்தால் கல்யாண மண்டபம். ஆனால் அஸ்வினி, விசாகப்பட்டினம் தாண்டி பீமிலியில், கடற்கரையில்தான் கல்யாணம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"கடலுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"கடல் தெரியணும்ப்பா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். ஆன்ட்டியை மட்டும் நீங்க கையோட கூட்டிட்டு வந்துடணும்."

கம்ப்யூட்டர் சம்பளம் வாங்கினால் இப்படியெல்லாம் ஆசை வரும்போல என்று ராஜகோபால் நினைத்துக்கொண்டார். கூடவே அவள் 'வெளியூர்க் கல்யாணம் நடத்தச் சில குறிப்புகள்' என்று இன்டர்நெட்டில் கிடைத்ததை ஈமெயிலில் அனுப்பியிருந்தாள். தார்நாக்காவில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைப் பிரின்ட் எடுத்துவந்து, பட்டறை வரைபடம் படிப்பதுபோல் பென்சிலும் கையுமாகப் படித்தார். வானிலை பாருங்கள், இடத்தை முன்னாலேயே போய்ப் பாருங்கள், எல்லாம் சரி. ஒரு குறிப்பில் வந்து நின்றுவிட்டார். 'பயணம் செய்ய முடியாதவர்களை வற்புறுத்தி அழைத்துச் சங்கடத்தில் ஆழ்த்தாதீர்கள்.'

அது ஆக்னஸம்மாவுக்காகவே எழுதியதுபோல இருந்தது. ஃபெலிக்ஸ் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இடுப்பில் கம்பி வைத்துப் படுத்திருந்தார். புரட்டிப் போட, தண்ணீர் கொடுக்க, எல்லாவற்றுக்கும் ஆக்னஸம்மா. சர்ச்சுக்குப் போவதுகூட நின்றுபோயிருந்தது. அவரிடம் போய்ப் பத்திரிகை வைத்தால் என்ன செய்வார்? வரவும் முடியாது, வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. தவியாய்த் தவிப்பார்.

ஆகவே ராஜகோபால் சொன்னார்: "கல்யாணம் அமெரிக்காவுலயே நடக்குது ஆக்னஸம்மா. கையெழுத்து போட்டு முடிச்சுக்கறாங்க. நான்கூடப் போகலை."

சொன்னதும் பாரம் இறங்கியது அவருக்கு. ஆக்னஸம்மாவுக்கு ஏறியது.

"பெத்த அப்பா இல்லாம கல்யாணமா? உங்களுக்கு எப்படியிருக்கும்ண்ணே!"

அன்று சாயங்காலத்துக்குள் காம்பவுண்டு முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாளிலிருந்து பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மூன்று பேராக வந்து, "மனசைத் தேத்திக்குங்க சார்" என்று துக்கம் விசாரித்தார்கள். பட்டு வேட்டி எடுக்கக் கடைக்குக் கிளம்பியவர், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆக்னஸம்மா மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபெலிக்ஸ் படுத்தபடியே, "ராஜகோபாலு! கைக்கு, எதுக்கு அழறே? நக்கோ, வேணாம்! நான் இருக்கேன்ல!" என்று அந்த ஊர் உருதுவைக் கலந்து கத்தினார்.

இந்த அழகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி ஜகதீசன் பத்திரிகைக் கட்டோடு வந்து நின்றார். கதவைத் திறந்தது, பொரியல் கொண்டுவந்திருந்த ஆக்னஸம்மா.

"யாருண்ணே இவங்க?"

ராஜகோபால் ஓடிவந்து பத்திரிகைக் கட்டை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "இவர்... இன்ஷூரன்ஸ்காரர்."

"இன்ஷூரன்ஸா!" ஆக்னஸம்மா ஜகதீசனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தான் சார் தேடிட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரர் விழுந்து படுத்து எத்தனை நாளாச்சு, உங்க ஆபீஸ்ல ஒரு பதில் உண்டா? நீங்களே வந்து கண்ணால பாருங்க."

"அம்மா, நான் வந்து..."

"எல்லாரும் இப்படித்தான் 'நான் வந்து, நான் வந்து'ன்னு இழுக்கறீங்க."

ஏவுகணை சம்பந்தப்பட்ட மனிதர், ஒரு வார்த்தை பேச முடியாமல் பக்கத்து போர்ஷனுக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அங்கே ஃபெலிக்ஸ் லுங்கியை விலக்கித் தையல் போட்ட இடத்தைக் காட்டி, "ஹவ் சார், ஆமா சார், நல்லாப் பாருங்க, இங்கேர்ந்து இங்க வரைக்கும்" என்று விளக்கினார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த ஜகதீசனுக்கு வேர்த்து ஊற்றியிருந்தது.

"என்ன சம்பந்தி இதெல்லாம்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ராஜகோபால் சொல்லவில்லை. சம்பந்தி கோபித்துக்கொள்வாரே! பதற்றத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் தானாக எழுந்து, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"அந்தம்மாவுக்குக் கொஞ்சம்..."

"அடடா. பாவம்" என்றார் ஜகதீசன். "அப்போ கல்யாணத்துக்குக் கூப்பிடாம இருக்கறதே நல்லது."

"ஆமா. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அன்று மத்தியானம் ஆக்னஸம்மா கொடுத்த பொரியலை அவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. விரலைச் சோற்றில் வைக்கவே கூசியது.

அஸ்வினி ஞாயிறுதோறும் போன் செய்தாள். "ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டீங்களா? பத்திரிகை வெச்சாச்சா?" என்று கேட்டாள். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்மா" என்று இவர் பேச்சை மாற்றினார். "அங்கிளைப் பத்தி..." என்று அவள் ஆரம்பித்தால், சுவருக்குப் பயந்து, "சமையல்காரர் வந்திருக்கார், வெச்சுடறேன்" என்பார்.

கிளம்பும் நாள் வந்தது. பெட்டிகளைப் பார்த்து ஆக்னஸம்மா கேட்பதற்கு முன்பே, "குலதெய்வம் கோயிலுக்குப் போறேன். பொண்ணு நல்லாயிருக்கணும்னு ஒரு வேண்டுதல்" என்று முந்திக்கொண்டார்.

"நல்லதுண்ணே. போயிட்டு வாங்க. நீங்களாவது நாலு ஊரைப் பார்க்கறீங்க. எங்க வீட்லயும் ரயில்வே பாஸுக்கு என்ன குறைச்சல்? காஜிபேட்டைத் தாண்டினதில்லை. வேளாங்கண்ணி, கடல், தாஜ்மகால் எல்லாம் எனக்குக் காலண்டர்லதான்." சிரித்துக்கொண்டே எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைக் கொடுத்தார். கூடவே, வெல்வெட் துணியில் சுற்றிய ஒன்று. "பாப்பா பெரிய மனுஷியானப்பவே அவ கல்யாணத்துக்குன்னு வாங்கி வெச்சது. குஞ்சலம். பார்சல்ல அமெரிக்காவுக்கு அனுப்பிடுங்க. அங்க யாரு பின்னிவிடுவாங்களோ."

ராஜகோபால் ரயிலில் எலுமிச்சஞ்சாதத்தைப் பிரிக்கவேயில்லை.

பீமிலியில் கல்யாணம் நடந்தது. நடந்தது என்றால், காற்றோடு மல்லுக்கட்டி நடந்தது. ஹோமத் தீ எரிய மறுத்தது. வடையில் மணல், பாயசத்தில் மணல், சாஸ்திரிகள் வாயைத் திறந்தால் மந்திரத்தோடு மணல். குறிப்புகளில் 'இயற்கை எழில்' என்று போட்டிருந்த இடத்தில் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று ராஜகோபால் கரித்துக்கொட்டினார்.

அமெரிக்காவிலிருந்து நேரே வந்து இறங்கியிருந்த அஸ்வினி, வெல்வெட் துணியைப் பிரித்துக் குஞ்சலத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஆன்ட்டி எங்கப்பா? எந்த ரூம்?"

"வரலைம்மா. அங்கிளை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாங்க."

"அங்கிளுக்குத்தான் நான்..." என்று அவள் சொல்லும்போதே நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்க ஒரு ஊது ஊதினார். ராஜகோபால் அந்தச் சந்தில் புகுந்துகொண்டார்.

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனசு வரலையாம்."

அஸ்வினி குஞ்சலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பியூட்டி பார்லர் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிட்டு, தலையைத் தானே பின்னிக்கொண்டாள். பின்னல் கோணலாக வந்தது.

பந்தலில் முன்வரிசையில் ஒரு பிரம்பு நாற்காலி தனியாக இருந்தது. மெத்தை போட்டு, மணமேடையைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. அஸ்வினி சொல்லி வைத்ததாம். ராஜகோபாலுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தாய் இல்லாத பெண், தாய்க்காக வைத்திருக்கிறாள்! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டியிலிருந்து உஷாவின் படத்தைக் கொண்டுவந்து, பூப்போட்டு, அந்த நாற்காலியில் சாய்த்து வைத்தார். அஸ்வினி படத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் மனசு பெண்ணுக்குப் புரிந்துவிட்டது என்று ராஜகோபால் நினைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து லாலாகுடா திரும்பியவருக்கு வீட்டைத் திறக்கவே கால் வரவில்லை. போதும் இந்தப் பொய், இன்றைக்கு ஆக்னஸம்மா காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு பையைத் திண்ணையில் வைத்தார். ஆக்னஸம்மா அதற்குள் வந்துவிட்டார். பையைத் தூக்கியதும் அடியிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னண்ணே, இவ்வளவு மணல்?"

சொல்லிவிட வாயைத் திறந்தார். வியாதி விடவில்லை.

"குலதெய்வம் கோயில் மணல்."

ஆக்னஸம்மா முகம் மலர்ந்துவிட்டது. "எந்த சாமியா இருந்தா என்ன, மண்ணு மண்ணுதானே" என்று கீழே உட்கார்ந்து, ஒரு மணி விடாமல் கைக்குட்டையில் கூட்டி அள்ளினார். முகர்ந்து பார்த்தார். "ஒரு மாதிரி உப்பு வாசனையா, நல்லாயிருக்குண்ணே. இவர் தலைமாட்டுல வைக்கறேன். சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்."

முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராஜகோபால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வரும்போல இருந்தது.

அப்போது பக்கத்து போர்ஷனிலிருந்து ஃபெலிக்ஸின் தம்பி தேவராஜ் தோளில் துண்டோடு வெளியே வந்தார். காஜிபேட்டில் இருப்பவர்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்றார் ராஜகோபால்.

தேவராஜ் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லீவு கிடைக்க ஒரு நாள் லேட்டாயிடுச்சு சார். வந்து பார்த்தா நீங்க கிளம்பிப் போயிட்டீங்க, பதறிட்டேன். பாப்பாதான் அமெரிக்காவுலேர்ந்து போன் பண்ணி, 'ஒரு வாரம் அங்கிளைப் பார்த்துக்குங்க, ஆன்ட்டிக்குக் கடல் காட்டத்தான் கல்யாணத்தையே அங்க வெச்சிருக்கேன், அப்பா வந்து பத்திரிகை வைக்கற வரைக்கும் ரெண்டு பேர்கிட்டயும் மூச்சு விடாதீங்க'ன்னு சொல்லிச்சு. நான் மூச்சு விடலை. தேதி கேட்டுக்கத்தான் மறந்துட்டேன். நல்லவேளை, கல்யாணத்துக்குள்ள அண்ணியைக் கூட்டிட்டுப் போக நீங்களே திரும்பி வந்துட்டீங்க... எத்தனை மணிக்கு சார் ரயில்?"