வாத்தியார் வீடு மாறிய செய்தி

நகரத்தின் மிகப் பெரிய நாளிதழில் இலவச இணைப்புகள் பெருகியதற்கு, வாசகர்கள்மேல் நிர்வாகம் கொண்டிருந்த அளவற்ற அன்பே காரணம். அழகுக்கு ஓர் இணைப்பு, உடம்பு இளைக்க ஓர் இணைப்பு, இளைத்தவர்கள் எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று சொல்ல இன்னொன்று, நாய் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இது போதாதென்று பேட்டைக்குப் பேட்டை இலவசப் பதிப்பு. இவற்றுக்கெல்லாம் இடம்விட்டு ஒதுங்கி ஒதுங்கி, செய்தி என்பது ஒரே தாளில் வந்து நின்றது.

இந்த நிலையில்தான் ஒரு கணக்கு வாத்தியார், நிர்வாகத்தின் வசதியைக் கேட்காமல், செவ்வாய்க்கிழமை காலமானார்.

வாத்தியாரின் மனைவிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அவரிடம் படித்த பிள்ளைகள் கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வாத்தியாரின் தம்பி ஒரு தையல்காரர். அண்ணி சொன்னதும், அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார்.

விளம்பரப் பிரிவு அதிகாரி ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். பிறகு, மரண அறிவிப்புகள் இப்போது முதன்மைத் தாளில் வருவதில்லை என்றார். அவை இலவசப் பதிப்புக்கு மாற்றப்பட்டுவிட்டனவாம். இலவசப் பதிப்பிலோ, வாசகர்களின் காலைநேர மகிழ்ச்சிக்கு ஊறு விளைவிக்கும் எதுவும் இடம்பெறலாகாது என்று நிர்வாகத்தின் உத்தரவு இருந்தது.

“அப்ப செத்துப்போனதை எப்படி சார் சொல்றது?” என்று கேட்டார் தையல்காரர்.

“செத்தது, போனது, காலம், இதெல்லாம் வராம சொல்லணும்.”

இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். அதிகாரி அனுபவசாலி. ‘வாத்தியார் தமது நிரந்தர இல்லத்துக்கு இடம்பெயர்ந்தார்’ என்று எழுதினார். தையல்காரருக்கே அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இல்லம் என்று வருவதால், அது ‘வீடும் வசதியும்’ பக்கத்துக்குப் போகும் என்றும், அது சனிக்கிழமைதான் வெளிவரும் என்றும் அதிகாரி சொன்னார்.

“நாளைக்கு அடக்கம் சார்.”

“சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாதா? கலர்ல வரும்.”

தள்ளிவைக்க முடியவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் சிலரோடு அடக்கம் முடிந்தது. படித்த பிள்ளைகளில் ஒருவர்கூட வரவில்லை. அண்ணி வாசலைப் பார்த்தபடியே இருந்தார்.

சனிக்கிழமை அறிவிப்பு வந்தது, கலரில். வாத்தியார் வாழ்நாளில் எந்தப் படத்துக்கும் சிரித்தவரல்ல. அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி, அவர் உதட்டைக் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கமும் இழுத்துவிட்டிருந்தார்கள்.

அன்று வாசல் நிறைந்துவிட்டது. முதலில் திரைச்சீலை விற்பவர் வந்து, புது இடத்தில் ஜன்னல் எத்தனை என்று கேட்டார். ஜன்னலே கிடையாது என்றார் தையல்காரர். அப்படியானால் ஏசி கட்டாயம் வேண்டும் என்றார் கூட வந்தவர். பின்னாலேயே பழைய மாணவர்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். “எங்க சாருக்கு இப்பவாவது சொந்த வீடு அமைஞ்சுதே,” என்று ஒருவர் கண்கலங்கினார்.

தையல்காரர் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னார். சொன்னதும் ஒவ்வொருவர் முகமும் வாடியது. உள்ளே போய் அண்ணியிடம் துக்கம் விசாரித்தார்கள். நல்ல மனுஷன், கணக்கில் புலி என்றார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, இந்த வீட்டில் முன்னறை இனி சும்மாதானே கிடக்கும், வாடகைக்கு விடுவதாக இருந்தால் தங்களுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். கண்கலங்கிய மாணவர் தம் மைத்துனனுக்காகக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி தன் பெண்ணுக்காகக் கேட்டாள். நடந்த தவறுக்கு வருத்தம் தெரிவிக்க நேரில் வந்திருந்த விளம்பர அதிகாரியும், அலுவலகத்துக்குக் கிட்டத்தில் இடம் தேடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

கூட்டம் கலைந்தபின் அண்ணி டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

“எல்லாரும் கேட்டுட்டாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் கேக்கல.”

தையல்காரர் குடித்த தம்ளரை அண்ணியிடம் நீட்டினார். “நான் போய் அதைக் கேப்பேனா அண்ணி? அண்ணன் இருந்த ரூம்.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்ளரோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது தையல்காரர் முன்னறையில் குனிந்து, சுவருக்குச் சுவர் டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சும்மா பாத்தேன் அண்ணி,” என்றார். “ரெண்டு மெஷின் தாராளமா போடலாம்.”