பச்சைக் கட்டம்

உயிரே போனாலும் பச்சைக் கட்டத்தில் வைத்துப் படம் எடுக்கமாட்டேன் என்று நான் சபதம் செய்தது 2012 தீபாவளிக்கு மறுநாள்.

போனசில் ஒரு பெரிய டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். அதன் தலையில் ஒரு சக்கரம். சக்கரத்தில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம். அதற்குத் திருப்பிவிட்டால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். நாம் பட்டனை அமுக்கினால் போதும். எனக்கு அது கௌரவப் பிரச்சினை. இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவு மாட்டும் லைனில் எட்டு வருஷமாகச் சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் செய்கிறவன் நான். நான் சொல்வதைக் கேட்க உலகத்தில் ஒரு மிஷினாவது வேண்டாமா? அதனால் சக்கரத்தை ‘எம்’முக்குத் திருப்பினேன். எம் என்றால் மேனுவல். கூடவே வந்த கையேட்டை, பள்ளிக்கூடத்தில் படிக்காத பாவத்துக்கெல்லாம் சேர்த்துப் படித்தேன்.

என் மனைவி கனகலட்சுமி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மொபைல் கம்பெனியில் கேமரா டெஸ்டிங். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் போன், ஆயிரம் படம். “நீ செய்யிறது ஒரு பட்டன் வேலை. இது கலை” என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் இட்லித் தட்டை என் முன்னால் வைத்தாள். கலைஞன் இட்லியைப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

“ஏங்க, ஆறுது. எடுத்திட்டியளா?”

“இரு கனகு. ஒயிட் பேலன்ஸ் பாக்கேன்.”

“இட்லி வெள்ளையாத்தான இருக்கு? இதுல என்ன பாக்கிய?”

“மெனுவுக்குள்ள போயி, அதுக்குள்ள இன்னொரு மெனுவுக்குள்ள போயி...”

“ஓட்டல் மெனுன்னாலும் கடைசியில ஒரு காப்பி வரும்.”

“இது எம் மோடு. உனக்குப் புரியாது.”

“எம்முன்னா மெதுவாவா?”

நான் அடுத்த மெனுவுக்குள் போனேன்.

“பக்கத்துலயே பச்சை இருக்குல்லா? பச்சை விழுந்தா போவேண்டியதுதான?”

“அது தெரியாதவங்களுக்கு.”

“அப்ப நாம தெரிஞ்சவங்களா?”

படம் வந்தது. இட்லி இருந்த இடத்தில் நான்கு கரித்துண்டு.

இப்படியே தை மாதம் வந்தது. பென்னலூரில் நாங்கள் குடியிருந்தது லூர்தம்மாள் வீட்டு மாடியில். அவர் மகள் மெர்சிக்கும், என் லைனில் வேலை பார்த்த கார்முகிலுக்கும் கல்யாணம். பெண் கிறிஸ்தவர், மாப்பிள்ளை இந்து. அதனால் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. லூர்தம்மாள் ஆறு மாதம் அழுது, ஏழாவது மாதம் சம்மதித்துவிட்டார். கார்முகிலின் அம்மா பாப்பம்மாள் மட்டும் மசியவில்லை. “பிள்ளைப்பாக்கத்தை வுட்டு ஒரு அடி நகர மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

லூர்தம்மாள் மாடிக்கு வந்தார்.

“தம்பி, ஸ்டுடியோக்காரன் கையில சொல்லி வெச்சிகீறேன். இன்னா, வரச் சொல்லட்டா?”

“எதுக்கும்மா? நான் இருக்கேன்லா?” என்றேன்.

கனகு என்னைப் பார்த்தாள். இட்லிப் படத்தைப் பார்த்த அதே பார்வை.

கல்யாணத்தன்று ரிஜிஸ்டர் ஆபீஸ் அறையில் ஒரு டியூப் லைட்டும் ஒரு ஜன்னலும் இருந்தன. முதல் படத்தில் மெர்சி நீலமாக வந்தாள். இரண்டாவதில் மாப்பிள்ளை வரவேயில்லை. சட்டை மட்டும் வந்தது. சரிசெய்ய மெனுவுக்குள் போனேன். எதையோ அமுக்கினேன். அவ்வளவுதான். மெனு முழுக்கக் கோழி கிளறின மாதிரி எழுத்து. சீனமோ ஜப்பானோ, கேமரா தன் தாய்மொழிக்குத் திரும்பிவிட்டது!

அந்த நேரம் பார்த்து வாசலில் பாப்பம்மாள் வந்து நின்றார்.

வரமாட்டேன் என்றவர். யாருடனும் பேசவில்லை. சம்பந்தியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக நின்றார். கார்முகிலுக்குக் கண் கலங்கிவிட்டது. “அண்ணே, அம்மா வந்துட்டாங்க. போறதுக்குள்ள எப்பிடியாச்சும் ஒரு போட்டோண்ணே” என்றான்.

கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் அமுக்கிப் பார்த்தேன். “சீக்கிரம் சார், அடுத்த ஜோடி நிக்குது” என்றார் ஆபீசர்.

“ஏங்க” என்றாள் கனகு, காதருகில். “லென்ஸ் மூடி கீழ விழுந்திட்டு. மேஜைக்கடியில உருண்டு போச்சி. தேடுங்க, கேமராவ நான் பிடிச்சிக்கிடுதேன்.”

கடவுளே வந்து லீவு கொடுத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் ஒளிந்துகொள்ள ஓர் இடம். சரேலென்று மேஜைக்கு அடியில் புகுந்தேன். ஆபீசரின் செருப்பு இருந்தது. பழைய ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. மூடி இல்லை. இன்னும் உள்ளே போனேன். தலை போய்விட்டது, மிச்சம் போகவில்லை. மேலே திடீரென்று சிரிப்புச் சத்தம். கல்யாண வீடு, சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது மூடி கனகுவிடம் இருந்தது. “இங்கனதான் கிடந்திச்சி” என்றாள். கேமராவை வாங்கினேன். சக்கரம் எம்மில்தான் இருந்தது. மேற்கொண்டு நாற்பது படம் எடுத்தேன். எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லூர்தம்மாள் வீட்டு டிவியில் படம் போட்டார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பாப்பம்மாளும் வந்திருந்தார். பென் டிரைவில் ஏற்றித் தந்தது கனகு. கதவோரமாக உட்கார்ந்தேன்.

முதல் படம். மெர்சி மெர்சியின் நிறத்தில் இருந்தாள். இரண்டாவதில் மாப்பிள்ளைக்கு முகம் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கே ஆச்சரியம். ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. “எல்லாம் அப்பெர்ச்சர்தான். எம் மோடுல மட்டுந்தான் இப்படி வரும்” என்று எழுந்து நின்று வகுப்பு எடுத்தேன்.

ஏழாவது படம் வந்தது.

லூர்தம்மாளும் பாப்பம்மாளும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள். நடுவில் கார்முகில் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறான். பின்னால் ஒரு மேஜை. மேஜைக்கு அடியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, என் பேண்டின் பின்பக்கம்.

“அண்ணே, அது நீங்கதான?” என்றான் கார்முகில். “அப்ப எடுத்தது யாரு?”

“டைமர்” என்றாள் கனகு சட்டென்று. “அவுகதான் டைமர் வச்சிட்டுக் குனிஞ்சாக.”

“இன்னாது டைமரா?” என்றார் லூர்தம்மாள். “மெஷினை மூஞ்சில வெச்சிகினு நீதானேம்மா நின்ன?”

வகுப்பு கலைந்தது.

மாடிக்கு வந்ததும் கேட்டேன். “மூடி எங்க இருந்திச்சி?”

“என் கைப்பையில.”

“சக்கரம்?”

“பச்சையில வச்சி எடுத்திட்டு, திருப்பி எம்முல வச்சிட்டேன். பென் டிரைவுல அந்தப் படத்த மட்டுந்தான் ஏத்தினேன்.”

“பாஷை மாறிப்போச்சே, எப்படி எடுத்த?”

“பச்சைக்குப் பாஷை எதுக்குங்க? அன்னிக்கே மெனுவையும் இங்கிலீசுக்கு மாத்திட்டேன். எங்க லைன்ல வாற போனுல பாதி அந்த எழுத்துதான். எங்க அமுக்கணும்னு கைக்குத் தெரியும்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நான் மட்டும் எடுத்திருந்தால் கார்முகிலுக்குத் தன் அம்மாவின் சிரிப்புக்குப் பதிலாக ஒரு சட்டைதான் மிஞ்சியிருக்கும். அந்த வெட்கத்திலிருந்து என்னைக் காப்பாற்றி, டைமர் என்று ஒரு பொய்யும் சொல்லி என் மானத்துக்கும் முட்டுக்கொடுத்தவளை எப்படித் திட்டுவது? “நல்லா இருந்திச்சி கனகு. ரொம்ப தேங்க்ஸ்” என்றேன். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் முதல் தேங்க்ஸ். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. கீழே இருந்து பாப்பம்மாள்தான். குரல் மாடிப்படி வழியாகவும் கேட்டது.

“கண்ணு, மாசி மாசம் எங்க வூட்ல பேத்திக்குக் காது குத்து. படம் புடிக்க நீ வந்துடும்மா. எல்லாரையும் சிரிக்க வெக்கணும்ல, அவரையும் இட்டுகினு வா!”

மறுநாளே சூப்பர்வைசரிடம் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.