விசிலண்ணனுக்குச் சேரவேண்டிய ரொட்டி

மலேசியாவில், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலேயே விசிலண்ணனைப் போலப் பந்தயப் பைத்தியம் பிடித்த மனிதர் கிடையாது. இத்தனைக்கும் அந்நாளில் அவர் ஒரு பந்தயம்கூடக் கட்டியதில்லை. அடுத்தவன் பந்தயத்துக்கு நடுவராக இருப்பதுதான் அவருக்கு உயிர்.

இன்று செண்டாயான் தொழிற்சாலைப் பையன்கள் பந்தயத்தில் பிடித்துக்கொள்ளும் கமிஷனுக்கு 'ரொட்டி' என்கிறார்கள். "ரொட்டி போக எவ்வளவு லா?" ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் விழிக்கிறார்கள். எனக்குத் தெரியும்.

விசிலண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கழுத்தில் எந்நேரமும் விசில். மழை வருமா, வேலை வாங்கும் மண்டோர் கோபத்தில் தொப்பியை எறிவாரா என்று இரண்டு பேர் பேச ஆரம்பித்தாலே ஊதிவிடுவார். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும்போது மாப்பிள்ளை அழுவானா என்று இருவர் கிசுகிசுத்தார்கள். இவர் ஊதிய ஊதலில் மேளக்காரர் பயந்துபோய்க் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். தாலி அப்போது தட்டில்தான் இருந்தது.

அவருக்குக் கூலி காசு இல்லை. ஜெயித்தவர் அந்தக் காசில் ஒரு ரொட்டி சானாய், நம் பரோட்டா மாதிரி, வாங்கி, தோற்றவரோடு ஒரே தட்டில் சாப்பிடவேண்டும். "ரொட்டி திங்காம பந்தயம் முடியாது லா" என்பார்.

ஒருமுறை என் அண்ணனும் அக்காள் வீட்டுக்காரரும் பந்து ஆட்டத்துக்கு மீசையைப் பந்தயம் வைத்தார்கள். மச்சான் தோற்றார், சிரைத்தார். அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன். அவளும் மிதிக்கக்கூடாது" என்றுவிட்டார். தீபாவளி நெருங்கிவிட்டது. அக்கா போனில் அழுதாள். அம்மா முறுக்கு மாவைத் தொடவே இல்லை.

விசிலண்ணன் நேரே அம்பாங்கானுக்குப் போய், மச்சான் வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஊத ஆரம்பித்தார். தெரு நாய்களெல்லாம் சேர்ந்துகொண்டன. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு திட்ட வந்த மச்சான் அப்படியே நின்றுவிட்டார். விசிலண்ணனின் கிடா மீசையைக் காணோம்.

"என்னண்ணே இது?"

"வெயிலு லா, புழுங்குச்சு. ஏறு, ரொட்டி பாக்கி இருக்கு."

ரொட்டிக் கடையில் காத்திருந்த அண்ணன் ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, மச்சான் பக்கம் தள்ளினான். தீபாவளிக்கு அக்கா வந்தாள்.

விசிலண்ணன் இப்போது கடற்கரையோரம் சி ரூசாவில் தனியாக இருக்கிறார். தனியாகச் சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை, பாதியில் எழுந்துவிடுகிறார். அதனால் நான் அடிக்கடி போய், அலை கரையிலிருக்கும் பாறையைத் தொடுமா என்று அவரோடு பந்தயம் கட்டுகிறேன். தொடும் என்று அவரே கட்டி, அவரே ஊதி, அவரே ஜெயிக்கிறார். பிறகு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து தட்டை நடுவில் வைக்கிறார். அதற்காகவே நான் தொடாது என்று சொல்கிறேன்.