சகுனக் காவலர் வில்பர் க்ரெப்ஸ்

கெட்ட சகுனம் என்று ஒன்று உண்டோ இல்லையோ, அதற்குக் காவல் நிற்கிறவர்கள் உண்டு. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஆனாலும் நாலு பேர் ஒரு நல்ல செய்திக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்து "உஷ்!" என்பார்கள். அதுவரை அங்கே யார் பேசினார்கள் என்று கேட்கிறீர்களா? யாருமே பேசவில்லை.

எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தின் மலிவு வரிசையில் இந்த உத்தியோகம் தொப்பிக்கடை வில்பர் க்ரெப்ஸுடையது.

முப்பத்தொன்றாம் வருஷம், செப்டம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. எட்டு அணிகளில் நாங்கள் ஆறாவது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஆனால் பந்து வீசியவர் லெம் டட்டில். முப்பத்தொன்பது வயது. அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடமாட்டார்கள் என்று வேர்க்கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். அந்த லெம் ஏழு இன்னிங்ஸ் வீசி முடித்தும், எதிரணியில் ஒருவர்கூட அடித்து முதல் தளத்தைத் தொட்டிருக்கவில்லை. பந்து வீசுகிறவர் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் ஒருமுறை வந்தால் அதிகம். பெரும்பாலோருக்கு வருவதே இல்லை.

இப்படி நடக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். சொன்னால் கெட்டுவிடும். சக ஆட்டக்காரர்களே லெம்மைப் பெஞ்சின் ஓரத்தில் தனியாக விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் எதிரணி அடித்த அடிகளுக்கு நேரே வண்டிச்சக்கரம் அளவுக்குப் பூஜ்யம் மாட்டியிருக்கிறதே என்றால், அதைப் படிக்கலாம், சொல்லக்கூடாது.

எங்களுக்கு இது பிறந்ததிலிருந்தே தெரியும். க்ரெப்ஸுக்கு மட்டும் எங்கள்மேல் நம்பிக்கை இல்லை.

"எதுக்கு இருமுற?" என்றார் என்னிடம்.

"சளி, வில்பர்."

"உன் இருமல்ல ஒரு அர்த்தம் இருக்கு. அடக்கு."

எட்டாவது இன்னிங்ஸில் தொத்திறைச்சி விற்பவரை அடக்கினார். கடைசியான ஒன்பதாவதில் எங்கள் வரிசையில் இருந்த பாதிரியாரை, அவர் வானத்தைப் பார்த்தார் என்பதற்காக, அடக்கினார். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவர் பாக்கி.

எங்கள் முன்வரிசையில் இருந்த பெண்மணி, கைக்குட்டையைப் பிழிந்தபடி, தனக்குள் முணுமுணுத்தார்: "இன்னும் ஒருத்தர்தான், கடவுளே."

க்ரெப்ஸ் எகிறிக் குதித்து எழுந்தார். "ஏம்மா, அறிவிருக்கா? லெம் இன்னிக்கு ஒரு அடிகூட விடலைங்கிறதை இங்க எவனும் வாயைத் திறந்து சொல்லக்கூடாதுன்னு தெரியாதா!"

மூவாயிரம் பேர் மௌனமாக இருந்த மைதானம் அது. கடைசி எழுத்துவரை தெளிவாகக் கேட்டது. லெம் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு வீசினார். பந்து மட்டையில் பட்டு, இரண்டாம் தளத்துக்காரரின் கைக்கு ஒரு விரல் மேலே பறந்து புல்லில் விழுந்தது.

பலகையில் பூஜ்யத்தைக் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"பாத்தியா?" என்றார் க்ரெப்ஸ், அந்தப் பெண்மணியைச் சுட்டிக்காட்டி. "இந்தம்மா வாயைத் திறந்துச்சு, போச்சு."

அந்தப் பெண்மணி மெதுவாகத் திரும்பினார். "நான் லெம்மோட சம்சாரம். காலையில ஒரு மணி நேரம் அவர் தோளுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டேன். கையைத் தூக்கவே முடியலை அவரால. போனது அந்தத் தோளாலதான். என் வாயாலயும் இல்ல, உங்க வாயாலயும் இல்ல."

வரிசையே தலைகுனிந்தது. க்ரெப்ஸும் குனிந்தார். அப்படியே என் காதருகே வந்தார்.

"ஆட்டத்தன்னிக்குப் போய் யாராவது தைலம் தேய்ப்பாங்களா? அதான் விஷயம்!"

இதைப் படித்துவிட்டு இப்போது உங்கள் மைத்துனரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆள் பெயரை மட்டும் மாற்றி இதே கதையை ஒருநாள் க்ரெப்ஸிடமே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அச்சு அசலா இப்படியே ஒரு ஆளை எனக்குத் தெரியும்" என்றார்.